அதே பெயர், வயது சுமார் இருபத்துமூன்று

எங்கள் கிளினிக்கில் பல்செட் கட்டிக்கொண்டு போன அத்தனை பேர் வாயிலும் அக்காவின் கைவேலை இருக்கும். அவர்களில் ஒருவர்கூட அக்காவைப் பார்த்திருக்க மாட்டார்கள். டாக்டர் முன்னறையில் வாயை அளவெடுத்து அனுப்புவார். பின்னறையில் அக்கா அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுப்பார். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, வேகவைத்து, ரோஸ் நிற ஈறு கட்டி, ராவி மெருகேற்றி வெளியே அனுப்புவார். மதியத்துக்குள் அவர் புருவம் இரண்டும் வெள்ளையாகிவிடும்.

"ஊர்ல பாதிப் பேரு என் பல்லை வச்சுக்கிட்டுத்தான் என்னைப் பத்தியே பேசுறாங்க" என்பார்.

நான் முன்னறையில் டோக்கன் கொடுக்கிறவள்; கிளினிக்கில் எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. மதியச் சாப்பாடு அவர் மேஜையில்தான். யார் யாருடைய தாடையையோ ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு டப்பாவைத் திறப்போம். அவருடைய கதை அப்படித்தான் எனக்குத் தெரியும். ஒரே நாளில் உட்கார்ந்து சொன்னதில்லை. சில பகுதிகளை நானே கூட இருந்து பார்த்தேன்.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு அப்பா வைத்த பெயர், அந்தக் காலத்தில் ஆண் பிள்ளை பிறந்தால் யாரும் யோசிக்காமல் வைக்கிற பெயர். தெருமுனையில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். பள்ளியில் அவன் வகுப்பிலேயே மூன்று பேர். வருகை எடுக்கும்போது மூன்று பேரும் சேர்ந்து கத்துவார்கள் என்பதால் வாத்தியாரே பட்டப்பெயர் வைத்துப் பிரித்தார். ஒருவன் நெட்டை. இன்னொருவன் சோடாபுட்டி. அக்காவின் தம்பி குச்சி. அதே பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நல்ல பெயர் பள்ளிச் சான்றிதழில் மட்டும் கிடந்தது.

படிப்பு ஏறவில்லை. உயரத்தில் ஏறுவதென்றால் குரங்கு. மின்சாரக் கோபுரம் நிறுத்துகிற காண்ட்ராக்டர் ஒருவன் ஆள் எடுத்தபோது குச்சி பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"கம்பத்துல தொங்குறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

"கீழ நிக்கிற உங்களுக்கே ஒருத்தர் குடுத்தாங்கல்ல" என்றான் குச்சி. அப்பா அடிக்கக் கை ஓங்கினார். அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு வழியனுப்பியதற்காக அம்மா பிற்காலத்தில் தன்னையே மன்னிக்கவில்லை.

ஒரு வருஷம் போல போன் வந்தது. அப்போது அவர்கள் வீட்டில் போன் கிடையாது. எதிர்ச் சாரியில் இருந்த சைக்கிள் கடைக்கு வரும். கடைக்காரர் தெருவில் நின்று "குச்சி லைன்ல" என்று கூவுவார். போட்டது போட்டபடி ஓடுவார்கள். மேலே இருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்பான். சாப்பாடு மோசம் என்பான். கடைசியாக ஒரு கோடைக்காலத்தில் பேசினான். வேறு லைன் போடப் போகிறோம், அங்கே போன் கீன் எதுவும் இல்லை, கொஞ்ச நாள் ஆகும் என்றான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அப்பா தேடிப் போனார். காண்ட்ராக்டரின் ஆபீஸ் இருந்த மாடியில் ஒரு டுட்டோரியல் நடந்துகொண்டிருந்தது. போலீசில், "வயசுக்கு வந்த பையன். எவளையாவது கூட்டிக்கிட்டுப் போயிருப்பான். பேரப்புள்ளையோட வருவான் பாருங்க" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். புகார் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. சில வருஷத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். அக்காவுக்கு வந்த வரன்களை எல்லாம், "தம்பி வரட்டும், அவன் இல்லாம எப்படி" என்று அம்மா தள்ளிப்போட்டாள். தள்ளித் தள்ளி அந்தப் பேச்சே நின்றுபோனது.

அம்மா அழவில்லை. வாய் மட்டும் கத்தியாகிப்போனது. "செத்துட்டான்னா செத்துட்டான்னு சொல்லு. வர்றான்னா வர்றான்னு சொல்லு. நடுவுல என்னைக் கொடியில போட்ட துணி மாதிரி தொங்க விடாதே" என்பாள், ஏதோ அக்காதான் அவனை ஒளித்து வைத்திருப்பதுபோல.

இருபது வருஷம் இப்படிப் போனபிறகு, கிளினிக்குக்கு வரும் செய்தித்தாளில் ஒரு செய்தி வந்தது. பெரிய நூலகத்தில் பழைய பத்திரிகைகள், அரசாங்கப் பதிவேடுகள் எல்லாவற்றையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறார்கள், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம் என்று. அக்கா அந்தத் துண்டைக் கத்தரித்துத் தன் அறையில் ஒட்டிவைத்தார். சனிக்கிழமைகளில் எங்களுக்கு அரை நாள்தான். அந்த வாரமே போனார்.

நூலகத்தின் மாடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், வரிசையாகச் சில கணினிகள். நாற்காலிகளில் ஒன்றுக்குச் சாய்மானம் கிடையாது. அக்கா முதலில் அடித்த சொல் 'குச்சி'. தீக்குச்சி ஆலையில் வேலைநிறுத்தம், ஐஸ்குச்சித் தொழிலுக்கு மானியம், பல்குச்சியை விழுங்கிய பெண் என்று கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நூலகர் அம்மா சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாராம்.

"அக்கா, செல்லப் பேரெல்லாம் பதிவுல இருக்காது. நல்ல பேரைப் போடுங்க."

நல்ல பெயரை அடிக்கும்போது யாரோ பக்கத்து வீட்டுப் பையனைத் தேடுவதுபோல இருந்தது என்று அக்கா சொன்னார். பொத்தானைத் தட்டியதும் திரை நிரம்பியது. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. அந்தப் பெயரில் மாப்பிள்ளைகள், திருடர்கள், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்கள், தேர்வில் தேறியவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், தங்கள் மனைவி வாங்கும் கடனுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று விளம்பரம் கொடுத்தவர்கள். பரிசு வாங்கிய ஒரு காளை மாட்டுக்குக்கூட அந்தப் பெயர்.

"மாட்டை மட்டும்தான் பார்த்ததும் நம்மாளு இல்லைன்னு தள்ள முடிஞ்சுது" என்றார் அக்கா.

மற்றவை ஒவ்வொன்றையும் படித்தார். வயதைப் பார்ப்பார். அப்பா பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். பெரும்பாலும் இருக்காது. பதினைந்து நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தது ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. ஒரு பக்கம் அவர் படித்துக்கொண்டே வர, இன்னொரு பக்கம் நூலகத்தார் புதிது புதிதாக ஏற்றிக்கொண்டே இருந்தார்கள்.

நூலகர் அம்மா நல்லவர். பழைய அச்சைக் கணினி சரியாகப் படிக்காது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். புள்ளி உதிர்ந்த எழுத்தைப் புள்ளி இல்லாமலே படித்துவிடும். 'ர' வரும் இடத்தைத் துணைக்கால் என்று நினைத்துக்கொள்ளும். வரி முடிவில் உடைந்த பெயரை இரண்டு ஆளாக்கிவிடும். "தப்பாவும் தேடிப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து அக்கா தம்பியின் பெயரை விதவிதமாகத் தப்பாக அடித்துத் தேடினார். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு புதுக் கூட்டம் வந்தது.

சாப்பிடும்போது எனக்கு அவர்கள் கதை கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தன் இடத்தில் இரண்டு சாண் தள்ளிக் கட்டினான் என்று ஆயுள் முழுக்க வழக்காடிய ஒருவர். தீர்ப்பு வந்த அன்றைக்குச் சுவர் மழையில் தானாக விழுந்துவிட்டதாம். தெருவிளக்கு எரியவில்லை என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்த இன்னொருவர். அவர் மேல் அக்காவுக்கு ஒரு பிரியம் விழுந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டேன்.

"தெருவிளக்கு மனுஷன் போயிட்டாரு" என்றார்.

"எப்போ?"

"பத்தொம்பது வருஷம் ஆச்சு. எனக்கு முந்தாநாள்தான் தெரியும்."

இரண்டாம் வருஷத்தில்தான் அந்தச் செய்தி கிடைத்தது. தப்பான எழுத்தில் தேடியதில் வந்தது. ஒரு மாவட்டப் பதிப்பின் ஓரத்தில் கட்டை விரல் அளவுக்கு அச்சாகியிருந்தது. மின்கோபுரத்தில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளி தவறி விழுந்து படுகாயம். பெயர், அதே பெயர். வயது சுமார் இருபத்துமூன்று. அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டுள்ளார். குச்சி கடைசியாகப் போனில் பேசிச் சில வாரம் கழித்து வந்த செய்தி அது. மறுநாள் பத்திரிகையில் தேடினார், மறுவாரம் தேடினார். அந்த மனிதனைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரி கிடையாது.

அந்த ஊருக்கு ரயிலில் பாதி நாள் பயணம். அக்கா லீவு போட்டுவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில், பழைய பதிவேடுகளை எல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

"எங்க அனுப்புனீங்க?"

"கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு. உங்க ஊர்ப் பெரிய லைப்ரரிக்குத்தான்."

அக்கா திரும்பி வந்து, அதே சாய்மானம் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் பார்க்க முடியாது. உறவினர் என்று எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தார். பல மாதம் கழித்து அந்தப் பக்கம் வந்தது.

நகலை எனக்குக் காட்டினார். பெயர் இருந்தது. வயது, சுமார் 23. தகப்பனார் பெயர், தெரியவில்லை. விலாசம், தெரியவில்லை. கொண்டுவந்தவர்கள், உடன் வேலை செய்வோர், சேர்த்துவிட்டுப் போய்விட்டனர். அங்க அடையாளம் என்ற இடத்தில் எவரோ அவசரமாக 'ஒல்லியான தேகம்' என்று எழுதியிருந்தார்கள். நினைவு திரும்பாமல் நான்காம் நாள் இறந்தார். உடலைக் கேட்டு யாரும் வராததால் நகராட்சி அடக்கம் செய்தது.

"ஒல்லின்னு போட்டிருக்கு" என்றேன்.

"கம்பத்துல ஏறுறவன் எவன் குண்டா இருக்கான்?" என்றார் அக்கா. காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஆனா குச்சிதான்னு தோணுது. இல்லைன்னும் தோணுது."

அம்மாவிடம் சொல்லவில்லை. முடிவு தெரிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். அதற்குள் நூலகர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. இதே பக்கத்தை இன்னொருவரும் கேட்டு வாங்கியிருக்கிறார், அவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார், நம்பர் கொடுக்கலாமா என்று.

அந்தச் சனிக்கிழமை என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். போனேன். நூலகத்தின் கீழ்த்தளத்தில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அங்கே ஒரு இளைஞர் காத்திருந்தார். கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்க்கிறவர். கையில் கருவிப்பை, சட்டைப் பையில் சின்ன ஸ்குரூ டிரைவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க தம்பி" என்றார் அக்கா.

அவர் தேடுவது அப்பாவை. அவர் வயிற்றில் இருக்கும்போதே கோபுர வேலைக்குப் போனவர், அப்புறம் வரவில்லை. அதே பெயர். வயதும் ஏறக்குறைய அதேதான். போட்டோ என்று இருந்தது கல்யாணக் கூட்டத்தில் எடுத்த ஒன்று. அதில் பாதி முகத்தை மாலை மறைத்திருந்தது. அக்கா தன்னிடம் இருந்த குச்சியின் பள்ளிக்கூடப் படத்தை எடுத்தார். இரண்டையும் பெஞ்சில் வைத்து மூன்று பேரும் பார்த்தோம். இரண்டு ஒல்லிப் பையன்கள். ஆஸ்பத்திரியில் செத்தவனின் படம் எங்கேயும் இல்லாதபோது இதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது.

"நானும் அந்தப் பேர்ல இருக்கிறவங்களைத் தேடித் தேடி நேர்லயே போய்ப் பார்த்திருக்கேன் அக்கா" என்றார் அவர். "ஒருத்தர் டீ வாங்கிக் குடுத்து, மனசைத் தேத்திக்கப்பான்னாரு. இன்னொருத்தர் வீட்ல நான் அப்பான்னு வாயெடுத்ததும் அந்தம்மா வெளக்குமாத்தைத் தூக்கிட்டாங்க. பாவம், அன்னைக்கு அந்த மனுஷன் வீட்ல என்ன ஆச்சோ."

அக்கா சிரித்தார். அவரும் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"எங்கம்மாவை இன்னைக்கும் ஓடிப்போனவன் பொண்டாட்டின்னுதான் சொல்றாங்க. எங்க மாமா வீட்லதான் வளர்ந்தேன். எது நடந்தாலும் அந்தப் பேச்சு வரும். அம்மாவுக்கு இப்ப உடம்பு சரியில்ல. செத்துப்போனார்னு ஒரு பேப்பர் கிடைச்சா, விட்டுட்டு ஓடலைன்னு ஆகும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

நகராட்சியில் விசாரித்திருக்கிறார். ஆஸ்பத்திரிப் பக்கத்தையும் செய்தித்தாள் நகலையும் வைத்து, சொந்தக்காரர் இரண்டு பேர் உறுதிமொழி கொடுத்தால் சான்றிதழ் தருவார்களாம். ஆனால் இதே பதிவை வேறு ஒருவரும் கேட்டிருப்பதால், செத்தவர் எங்கள் ஆள் இல்லை என்று அந்த இன்னொருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

செருப்பு விடுகிற இடத்தில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள்.

அந்த இளைஞரே மெதுவாகக் கேட்டார். "உங்க தம்பி கடைசியா எப்போ பேசினார் அக்கா? இந்த விபத்து நடந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி" என்றார் அக்கா. "மழைக்காலத்துல ஒரு தடவை பேசினான். சைக்கிள் கடைக்குப் போன் வந்துச்சு. நான்தான் பேசினேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். மெழுகில் பல் நடும்போது இருக்கிற அதே முகம்.

"அப்படின்னா இவர் உங்க தம்பி இல்ல."

"இல்ல. உங்க அப்பாவாத்தான் இருக்கணும்."

அந்த இளைஞர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இருபது வருஷத்துக்கும் முன்னால் செத்த மனிதனுக்காக, அவன் யார் மகனோ, யார் அப்பாவோ, ஒருவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா அவர் முதுகில் கை வைத்தார். பிறகு அவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "ஏன் அக்கா?"

"ஒரு சாவை ரெண்டு வீட்டுக்குப் பங்கு போட முடியுமா?" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "அந்தப் பையனுக்குப் பிரயோஜனப்படுது. எங்களுக்கு அதை வச்சு என்ன பண்றது?" என்றார்.

அது தப்புக் கணக்கு என்று அன்று சாயங்காலமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கேட்டால் மகிழாவிட்டாலும் ஆறுதல் அடைவாள், செத்தவன் எவனோ, நம் பிள்ளை இல்லை என்று நினைப்பாள் என்று எண்ணியிருக்கிறார். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"விழுந்தவன் நாலு நாள் உயிரோட இருந்தானா?"

"ஆமா."

"யாரும் வரலையா?"

"வரலைம்மா."

"மழைக்காலத்துல அவன் எங்க பேசினான்? பேசவே இல்லையே."

"அந்தப் பையனுக்காகச் சொன்னேன்."

அம்மா வெகு நேரம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "என்னைக் கேட்டியாடீ?" என்றாள். "அது என் புள்ளைன்னு எனக்குத் தெரியுது. கேக்கும்போதே வயிறு சொல்லுது. நான் அழுறதுக்கு ஒரு பொணம் கிடைச்சுது. அதையும் எடுத்துட்டுப் போய் எவளுக்கோ குடுத்துட்டு வந்திருக்கே."

"அது குச்சிதான்னு யாருக்கும்மா தெரியும்?"

"அவளுக்கு மட்டும் தெரியுமா? அவ அழலாம், நான் அழக் கூடாதா?"

அழுங்களேன், யார் வேண்டாம் என்றார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அம்மா அழவில்லை. எழுத்து மூலமாக வேறொருவனாகிவிட்ட பிள்ளைக்கு எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லையோ என்னவோ. அதற்குப் பிறகு அம்மா அக்காவோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள். வெந்நீர், மாத்திரை, ஜன்னலைச் சாத்து. 'நடுவில் தொங்க விடாதே' என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த வசவு நின்றதுதான் தனக்குத் தாங்கவில்லை என்றார் அக்கா.

இடையில் தராசுக்காரர் ஒரு முறை போன் செய்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சான்றிதழ் வந்துவிட்டது. "அம்மா ரெண்டு நாள் அழுதாங்க அக்கா. இப்ப நல்லா சாப்பிடுறாங்க. மாமாவே வந்து பேசிட்டுப் போனாரு. அடக்கம் பண்ண இடத்தைப் போய்ப் பார்த்தேன், அங்க இப்ப தண்ணித் தொட்டி கட்டியிருக்காங்க. பரவாயில்ல." அக்கா "நல்லது தம்பி, நல்லது தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போனை வைத்தபிறகு தட்டில் இருந்ததை அப்படியே டப்பாவில் தள்ளி மூடினார்.

மறு வருஷம் அம்மா இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. கடைசி நாட்களில் குச்சி என்று கூப்பிடவில்லை. அந்த நல்ல பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள், யாருமே வீட்டில் கூப்பிடாத அந்தப் பெயரை. காய்ச்சல் பார்க்க வந்த கம்பவுண்டருக்கும் அதே பெயர். அவர் ஒவ்வொரு தடவையும் "சொல்லுங்கம்மா, இங்கதான் இருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அவரைத்தான் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு போனாளா, தெரியாது. அப்படியே இருக்கட்டும் என்று அக்கா அந்த மனிதருக்கு ஒரு பல்செட் இலவசமாகச் செய்து கொடுப்பதாகச் சொன்னார். "எனக்கு இன்னும் எல்லாப் பல்லும் இருக்கும்மா" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு அம்மா பெயரில் இருந்தது. மாற்றுவதற்கு அக்கா வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போனார். நானும் போனேன். கவுண்ட்டரில் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"பிள்ளைங்க எத்தனை பேர்?"

"ரெண்டு. நான், ஒரு தம்பி."

"தம்பி இருக்காரா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கார்னா அவரைக் கூட்டிட்டு வாங்க, கையெழுத்து வேணும். இல்லைன்னா இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க. ரெண்டுல ஒண்ணு."

"ரெண்டும் இல்லைங்க."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. "அது எப்படிம்மா" என்றார், எரிச்சலாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாதவர்போல.

அக்காவின் கை பையின் வாய்க்குப் போனதைப் பார்த்தேன். அதற்குள் அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தின் நகல் இருந்தது எனக்குத் தெரியும். கையை அங்கேயே வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். அந்தச் சாவு இப்போது வேறொரு வீட்டில், சட்டம் போட்டு மாட்டி, முத்திரையோடு இருக்கிறது. கையை எடுத்துவிட்டார்.

கவுண்ட்டர்காரர் வழி சொன்னார். கோர்ட்டில் மனுப் போட வேண்டும். அதற்கு முன்னால் செய்தித்தாளில், இன்னாரைக் காணவில்லை, தகவல் தெரிந்தவர்கள் சொல்லவும் என்று விளம்பரம் கொடுக்க வேண்டும். யாரும் வரவில்லை என்று ஆனால் கோர்ட்டே அவரை இறந்தவராகக் கருதலாம்.

விளம்பரத்தை நாங்கள் இருவரும் அக்காவின் மேஜையில் உட்கார்ந்து எழுதினோம். பெயர், அப்பா பெயர், வீட்டை விட்டுப் போன வருஷம், மின்கோபுர வேலை. அடையாளம் என்ற இடம் வந்தபோது அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒல்லியான தேகம் என்று எழுதினார். குச்சி என்று அழைக்கப்படுவார் என்றும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தோம். பத்திரிகை ஆபீசில் இடம் போதவில்லை என்று அதை வெட்டிவிட்டார்கள்.

விளம்பரம் பார்த்து ஒரே ஒரு போன் வந்தது. குரலிலேயே முதியவர் என்று தெரிந்தது.

"அது என் பேருதாம்மா. என்னை யாரு தேடுறது?"

"உங்களை இல்லைங்க. என் தம்பியை. அவனுக்கும் அதே பேரு."

"ஓ" என்றார் அவர். கொஞ்ச நேரம் லைனில் இருந்தார். "சரிம்மா. யாராச்சும் தேடுறாங்களேன்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கோர்ட்டு மனு இன்னும் நடக்கிறது. தேதி வரும், தள்ளிப்போகும். அக்கா சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போவதையும் நிறுத்தவில்லை. எதற்கு என்று நான் கேட்டதில்லை. நம்பிக்கை இருக்கிறவர்கள் போகிற மாதிரி அவர் போவதில்லை. மெதுவாக, கைப்பையில் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு, கடைக்குப் போகிறவர்போல் போவார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை சாப்பிடும்போது சொன்னார். நூலகத்தார் சமீபத்திய பத்திரிகைகளையும் ஏற்றிவிட்டார்களாம். பெயரை அடித்துத் தட்டியதும், பட்டியலின் உச்சியில் 'காணவில்லை' என்று வந்திருக்கிறது. அதே பெயர். மின்கோபுர வேலை. ஒல்லியான தேகம்.

"ஒரு நிமிஷம் எழுந்தே நின்னுட்டேன்" என்றார். "யாரோ நம்ம குச்சியைத் தேடுறாங்க, யாருக்கோ அவனைத் தெரிஞ்சிருக்குன்னு நினைச்சுட்டேன். அவசரமாக் கீழே இழுத்துப் பார்க்கிறேன், நம்ம வீட்டு விலாசம்."

அக்கா டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, ஓரமாகத் தள்ளி வைத்திருந்த தாடைகளை முன்னால் இழுத்துக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு கீழ்வரிசை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.